அப்பா திரும்பப் பெற்ற சம்மதம்

அன்பு மகளுக்கு,

நான் நலம், மூட்டுவலியும் நானும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் சின்ன உயிரும் நலமாக இருக்க வேண்டும். கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய், உயர்த்தி வைத்துப் படு, எட்டாம் மாதத்தில் பாலத்தின் மேல் ஏறி நின்று ஆட்களை வேலை வாங்கியது போதும். உங்கள் நாட்டில் ஆணும் பெண்ணும் சமம் என்று பெருமைப்படுகிறாய், சரி, உனக்கு மேலே இருக்கும் ஐந்து பொறியாளர்களும் மீசைக்காரர்கள் என்று எழுதியதும் நீதானே. இருந்தாலும் அங்கே உன் வாசலில் உன் பெயர் இருக்கிறது. இங்கே என் வாசலில் இன்னும் அப்பா பெயர்தான்.

உனக்குத் தெரியாததா? அப்பா உன் ஊர் மருத்துவமனையில் கண்ணை மூடி ஆறு வருடம் ஆகிறது, அதை நான் இந்த நாட்டில் பதியவே இல்லை, பதிந்தால் வீடு உன் சித்தப்பாவுக்குப் போய்விடும், முப்பத்தெட்டு வருடம் நான் துடைத்த ஜன்னல்கள். எல்லை ஆற்றுக்கு அந்தக் கரையில் அவர் இறந்தவர், இந்தக் கரையில் குடும்பத் தலைவர். அவருக்காக எல்லாத் தாளிலும் நானே கையெழுத்துப் போட்டு வந்தேன். பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று பள்ளியில் கன்னியாஸ்திரிகள் சொன்னார்கள், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உன் பிரசவத்துக்கு வர, மனைவி எல்லை தாண்டச் சம்மதிக்கிறேன் என்று அப்படித்தான் அவர் பெயரில் எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அனுமதிச்சீட்டு வாங்கப் போனால், ஐயா நேத்தே வந்து வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரேம்மா என்கிறாள் அலுவலகத்துப் பெண். எந்த ஐயா என்றேன். உங்க வீட்டு ஐயாதான், அந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தாரு, வயசான மனுஷனை இப்படி மாடிப்படி ஏற விடலாமா, எனக்கும் எங்கண்ணன் கையெழுத்துப் போட்டாதான் வெளியூர், என்ன பண்றது என்று ஆறுதல் வேறு சொன்னாள். தாளைக் காட்டினாள். சித்தப்பா வேலையோ என்று நினைத்தேன், ஆனால் அவர் ஆறு மாதமாகப் படுத்த படுக்கை. அப்பா இடதுகைக்காரர், எழுதியதன் மேலேயே கை இழுபட்டு மை கலங்கும், நினைவிருக்கிறதா? நான் போட்ட கையெழுத்துகளில் அந்தக் கலங்கல் ஒருநாளும் இருந்ததில்லை, அசுத்தமாக எழுத எனக்கு வராது. அந்தத் தாளில் அது இருந்தது. உயிரோடு இருந்தவரை எங்கும் போகாதே என்று என்னிடம் சொன்னதில்லை, இந்த ஆறு வருடத்தில் யாரிடம் கற்றுக்கொண்டாரோ.

இங்கே விதவை வெளியே போக யார் சம்மதமும் வேண்டாம், அவளுக்கு வீடும் கிடையாது. நன்றாக யோசித்துவிட்டேன், நான் வருகிறேன். அங்கே கொடுத்த இறப்புச் சான்றிதழை உடனே அனுப்பு, பதிந்துவிட்டுக் கிளம்புகிறேன். ஜன்னல்களைச் சித்தப்பா வீட்டார் துடைக்கட்டும்.

தாயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து சுகமாக இருக்க என் ஆசிகள். ஒன்றை மறக்காதே, இத்தனை நாள் போல உறையின் மேல் அப்பா பெயரை எழுதாதே, என் பெயரை எழுது, அஞ்சலகத்துக்கே போய் வாங்கிக்கொள்கிறேன். உன் போன கடிதம் கதவுக்குக் கீழே கிடக்கவில்லை. அப்பா மேசையில், பிரித்து, அவர் மூக்குக்கண்ணாடியின் அடியில் இருந்தது. பிரசவத் தேதிக்குக் கீழே கோடு போட்டிருந்தது, மை கலங்கியிருந்தது.

என் சொந்தக் கையெழுத்தில்,
உன் அம்மா