தம்பின் சாலைக்கு இரண்டு விளக்குகள்

கஜா பெராங், மலாக்கா, 1944

அன்புள்ள அத்தான்,

நமக்கு மகள் பிறந்திருக்கிறாள்! இந்தக் கடிதமாவது உங்கள் கையில் சேரட்டும்.

வலி கண்ட மாலை ஒரே மழை. நம் பழைய கார் விளக்குகள் மின்மினி மாதிரிதானே எரியும்? பக்கத்து வீட்டு ஷம்சுதீன் நானா ஓட்டத் தயங்கினார்.

"விளக்குக்குள்ள வெளிச்சத்தைத் திருப்புற தகடு கறுத்துப் போச்சும்மா. புதுசு எங்கேயும் கிடைக்காது."

அவர் மனைவி பஷீரா அக்கா விடவில்லை. "தேயிலைப் பெட்டி ஈயத்தாள் இருக்கே, அதை ஒட்டுங்க!"

ஒட்டினார். மருத்துவமனை வரை சாலை பளிச்சென்று தெரிந்தது. வலியிலும் சிரித்துவிட்டேன்.

ஜப்பான்காரர்கள் மலாக்கா ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்து, நீங்கள் ரயில் பாதை போடும் சயாமுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அதனால் திரும்பி வரும்போது தம்பின் ஸ்டேஷனிலேயே இறங்குங்கள். இருட்டினாலும் பரவாயில்லை. நானாவிடம் கார் ஓட்டப் பழகுகிறேன்; மகளோடு நானே வந்து அழைத்துப் போவேன்.

உங்கள் மகளின் அம்மா