உப்பளத்துப் பம்பரக் குருவி

உன் பைனாகுலரின் வாரில் இன்னும் உன் வியர்வை வாடை போகவில்லை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இன்று காலை தருவைகுளம் போகிற வழியில் நம் உப்பளத்துக்குப் போனேன். பாத்தியில் ஒரு புதுக் குருவி. கொசு உள்ளான் அளவுதான் இருக்கும். ஆனால் அதுபோல ஓரத்தில் ஓடி இரை பொறுக்கவில்லை. தண்ணீரில் மிதந்தபடி, இருந்த இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றிச் சுற்றிக் கொத்தியது. இத்தனை வருஷத்தில் நாம் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

சந்தோஷத்தில் கை தானாக உன் நம்பரை அழுத்திவிட்டது. எடுத்ததும், "ஏலே, வண்டிய எடுலே, புதுசு ஒண்ணு வந்திருக்கு!" என்று கத்தினேன். அப்புறம்தான் உறைத்தது. நீ போய் ஆறு மாதமாகிறது. உன் போன் உன் மனைவி எஸ்தரிடம் இருக்கிறது.

நான் மன்னிப்புக் கேட்குமுன் அவளே பேசினாள். "அங்கனயே நில்லுங்க அண்ணாச்சி. ஆட்டோ பிடிச்சு வாரேன், வழி மட்டும் சொல்லுங்க."

கல்யாணமான புதிதில் நீ கேட்டாயே, "அவளும் வரணும்ங்கா, கூட்டிட்டு வரட்டுமாலே?" என்று. நான்தான், "பொம்பளையாளு வந்தா பேச்சுச் சத்தத்துலயே எல்லாம் பறந்துரும்" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். பிறகு கேட்கவே இல்லை. ஞாயிறுதோறும் உன்னை நான் இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அவள் தனியாக சர்ச்சுக்குப் போய் வருவாள். ஒருநாள்கூட அது என்னை உறுத்தியதில்லை. என்ன மனுஷன் நான்!

வந்தாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. பைனாகுலரைப் பிடிக்கத் தெரியாமல் கொஞ்சம் தடுமாறினாள், பிறகு குருவியைக் கண்டுகொண்டாள். வெகுநேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது சுற்றிக்கொண்டே இருந்தது.

"அவுக எங்கன நிப்பாக?"

வரப்பில் நீ எப்போதும் நிற்கும் மேட்டைக் காட்டினேன். போய் நின்றாள். திரும்பிப் பார்த்து, "ஆட்டோவுல ஏறி உக்காருமுன்ன வந்துட்டுது. இவ்வளவு கிட்டயா இருந்துச்சு? நான் என்னமோ ரொம்பத் தூரம்னுல்லா நெனச்சிருந்தேன்" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த ஞாயிறும் வருகிறாளாம். கூட்டிக்கொண்டு போவேன். ஆனால் நீ இருந்தபோது அவளை உன் பக்கத்தில் நிற்க விடாதவன் நான்தான். அது என்னோடேயே இருக்கும்.