தம்பியைவிட மூத்த டயர்

அம்மா,

ஜன்னல் வழியாக டயர் பாலிஷ் வாசனை வந்துகொண்டே இருக்கிறது. நைனா சாயங்காலம் காரைக் கழுவி, நான்கு சக்கரத்துக்கும் கறுப்புப் பூசி வைத்திருக்கிறார். வாசற்படியில் நான்கு எலுமிச்சம்பழம். விடிந்ததும் அவற்றைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டுத் திருப்பதிக்குப் புறப்படுகிறோம். தம்பிக்கு நீ வேண்டிக்கொண்ட மொட்டை. உன் வருஷத் திதி முடிந்துவிட்டதால் இனி மலைக்குப் போகலாமாம்.

தம்பி பக்கத்தில் தூங்குகிறான். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

யாரோ ஓட்டிய இந்தக் காரை நைனா வாங்கி வந்த அன்று, நீதான் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து விற்றவன் பூசியிருந்த இதே கறுப்பைப் புடவைத் தலைப்பால் துடைத்தாய். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் தெரிந்தன, கூடவே மெல்லிய வெடிப்புகளும்.

"மொத ரெண்டும் டயரு செஞ்ச வாரம், கடைசி ரெண்டும் வருஷம். இந்த டயரு உன் தம்பியைவிட மூத்தது, பாப்பா."

நைனா சிரித்தார். "டயருக்கு ஜாதகம் பாக்கறியா? பட்டன் எவ்ளோ ஆழமா கீது பாரு!" தரையில் படும் வரிகளைத்தான் அவர் பட்டன் என்பார்.

"ஓடாம நின்னுகினே இருந்த வண்டி. பட்டன் தேயாது, ரப்பர் செத்துப்பூடும்."

"அப்ப நீ டயரையே கட்டிக்கினு குடும்பம் நடத்து."

எல்லோரும் சிரித்தோம். நானும்.

பங்காருபாளையத்துக்குப் பெரியம்மா வீட்டுக்கு நாம் இரண்டு பேரும் கிளம்பிய காலையில் நீ ஸ்டீரிங் முன் உட்கார்ந்துவிட்டாய். "பின்னாடி எடது டயர்ல அந்த வெடிப்பு பெருசாகி கீதா, எறங்கிப் பாரு பாப்பா" என்றாய். இறங்கினேன். பார்க்கவில்லை. செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, "அப்படியேதான் கீதும்மா" என்றேன்.

அந்த டயர்தான் வெடித்தது. கார் ஒரு பக்கமாக இழுத்தது. நீ பிரேக்கை மிதிக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை அடக்கி, மண் ஓரத்தில் நிறுத்தினாய். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. "பயப்படாத, பெல்ட்டைக் கழட்டாத" என்று சொல்லிவிட்டு டயரைப் பார்க்க இறங்கினாய். பின்னாலிருந்து லாரி வந்தது.

எல்லோரும் லாரிக்காரனைத் திட்டினார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நைனா அந்த ஒரு டயரை மட்டும் மாற்றினார். "வெடிச்சது ஒண்ணுதானே" என்றார். மற்ற மூன்றும் அதே பழையவை. நேற்று சொல்லிப் பார்த்தேன். "உங்கம்மா மாதிரியே பேசாத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குமேல் பேசினால் அன்று நான் சொன்ன பொய்யும் சேர்ந்து வந்துவிடும் என்று பயம்.

சற்று முன் வெளியே போனேன். வலது பின்சக்கரத்தில் பாலிஷைத் துடைத்தேன். வெடிப்புக்குள் என் நகம் நுழைந்தது. இந்த முறை பார்த்தேன் அம்மா. பழைய டயர்கள் மூன்றிலும் வால்வு மூடியைக் கழற்றி, பேனா முனையால் அழுத்திக் காற்றை இறக்கிவிட்டேன். ஒவ்வொன்றும் சீறியபோது நைனா எழுந்துவிடுவாரோ என்று ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

மறுபடி காற்றடித்துவிடலாம், தெரியும். ஆனால் அதற்கு முன் யார் செய்தது என்று கேட்பார். வெடிப்பைக் காட்டுவேன். அன்று நான் பார்க்காததையும் சொல்வேன். அடித்தாலும் சரி.

மூன்று மூடிகளும் என் இடது கையில் இருக்கின்றன. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் மூன்று வட்டம் பதிந்துவிட்டது. விடியும்வரை கையைத் திறக்கமாட்டேன்.