இடப்பக்கத்து பேட்டரி

அப்பா,

இன்றைக்குக் காலையில் டிராக்டர் சீட்டின் ஓரத்தில் இருக்கும் தகர மூடியைக் கழற்றியதும் அந்தப் புளித்த அமில வாசம் வந்தது. உடனே என் இடது கண்ணில் நீர் வழிந்தது. பார்வை போய் மூன்று வருடமாகியும் அதற்கு அந்த வாசம் மட்டும் மறக்கவில்லை.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. அம்மா வண்டியை விற்றுவிட்டாள். வாங்கியவர் ஈரோட்டிலிருந்து பிக்கப்பில் வந்திருந்தார். என் கண் போன அன்றைக்கு நம்மோடு இருந்த பக்கத்துத் தோட்டத்து மாமாவும் வந்திருந்தார். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அன்றைக்கும் அதே சத்தம்தான். ராத்திரி நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் சோளம் விதைக்க வேண்டும் என்று உழவுக்கு நாலு பேர் நம் வாசலில் நின்றார்கள். "ஏனுங்க, வண்டி இன்னும் தூங்குதுங்களா? காப்பி போட்டுக் குடுத்து எழுப்புங்க" என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் காது சிவந்ததை நான் பார்த்தேன். கார் பேட்டரியிலிருந்து வயர் போட்டுக் கரண்ட் கொடுக்க மாமா தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

நம் வண்டிக்கு இரண்டு பேட்டரி. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டும் ஆறு வோல்ட். நடுவில் ஒரு கேபிள் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டாக்கும். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, முனையில் பச்சையாகப் பூத்ததைச் சுரண்டுவது எல்லாம் என் வேலை என்பதால் எனக்குத் தெரியும். வலப்பக்க மூடியின் போல்ட் துருப்பிடித்து வரவில்லை. நீங்கள் அதை விட்டுவிட்டு, காரிலிருந்து வந்த வயரின் இரண்டு கிளிப்பையும் இடப்பக்க பேட்டரியிலேயே மாட்டினீர்கள். ஆறு வோல்ட்டின் தலையில் பன்னிரண்டு. ஒரு கிளிப்புக்குப் பல் தேய்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டீர்கள்.

"அப்பா, இது ஒண்ணுல மட்டும் குடுக்கக்கூடாதுங்க. ரெண்டுக்கும் சேத்தித்தான் குடுக்கோணும்" என்றேன். என் குரல் எப்போதுமே எனக்கே கேட்காது. ஆனால் அன்றைக்கு உங்களுக்குக் கேட்டது.

"பாருங்கப்பா, வாயே தொறக்காதவ! இஞ்சினீரம்மா சொல்லிப்போட்டாங்க" என்று அவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னீர்கள். மறுபடியும் சிரிப்பு. "ஒண்ணுல குடுத்தா ரெண்டுக்கும் போகும். சும்மா புடி, கண்ணு."

பிடித்தேன். பேட்டரி உள்ளே சோறு கொதிப்பதுபோல் கொதித்தது. பல் தேய்ந்த கிளிப் நழுவியது. ஒரு பொறி. அப்புறம் வெடிச்சத்தம், முகமெல்லாம் அமிலம்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணும் கட்டியிருக்க நான் படுத்திருந்தேன். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். "புள்ள வெளயாட்டா வயரை மாத்திப் போட்டுருச்சுங்க" என்றீர்கள். சொல்லும்போதே என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். அதற்கு முன் நீங்கள் என் கையைப் பிடித்தது எனக்கு நினைவில்லை. அந்தக் கைக்காக நான் பேசாமல் இருந்தேன்.

அப்புறம் அந்தப் பொய்யை நீங்கள் விடவே இல்லை. அவிநாசித் தேருக்கு வந்த உறவுக்காரர்களிடம்கூட, "வாயை நீட்டத் தெரியாது, கையை மட்டும் நீட்டிருச்சு" என்று சொல்லிச் சிரித்தீர்கள். ஒற்றைக் கண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினீர்கள். கருப்புக் கண்ணாடி வாங்கித் தந்தீர்கள். அதை நான் போட்டிருந்தால் சாப்பிடுவீர்கள். மறந்துவிட்டால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவீர்கள். என்னைக் கண்ணு என்று மறுபடி கூப்பிடவே இல்லை.

இன்றைக்கு ஈரோட்டுக்காரர் பிக்கப்பிலிருந்து வந்த இரண்டு கிளிப்பையும் எடுத்துக்கொண்டு அதே இடப்பக்கம்தான் குனிந்தார்.

"அண்ணா, நிறுத்துங்க!"

என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கட்டுத்தரையில் இருந்த மாடு நிமிர்ந்து பார்த்தது.

மாமா சொன்னார்: "நீ அந்தப் பக்கம் போ அம்மணி. ஒருக்கா மாத்திப் போட்டது பத்தாதா?"

"நான் மாத்திப் போடலீங்க மாமா. எங்கப்பா போட்டாரு. நீங்க பாத்துட்டுத்தானுங்க நின்னீங்க."

மாமா கீழே பார்த்தார். செருப்பில் ஒட்டியிருந்த சாணியை ஒரு கல்லில் தேய்த்தார். வெகுநேரம் தேய்த்தார். ஈரோட்டுக்காரர் மட்டும் கிளிப்பை என்னிடம் நீட்டி, "எங்க மாட்டோணும், சொல்லு சாமி" என்றார்.

வலப்பக்க போல்ட்டுக்கு நேற்றே எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். மூடி வந்தது. சிவப்புக் கிளிப்பை வலப்பக்க பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினேன். கருப்பை இரண்டு பேட்டரிக்கும் தள்ளி, பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டினேன். பத்து நிமிடம் பிக்கப்பை ஓடவிட்டோம். பிறகு அவர் சாவியைத் திருப்பினார். உங்கள் வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது அப்பா.

வண்டி கண்ணுக்கு மறையும்வரை அம்மா வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே தெரியும். ஆம்பளை நாலு பேரு முன்னாடி தல நிமிந்து நடக்கோணுமல்ல? செத்ததுக்கப்புறம் எதுக்கு இதையெல்லாம் பேசற? போ, மாட்டுக்குத் தண்ணி காட்டு."

காட்டினேன். குடத்தைப் பிடித்த கையில் உங்கள் விரல்கள் இன்னும் இருந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழுத்திய அதே இடத்தில், அதே பலத்தில். மூன்று வருடமாக அதைப் பாசம் என்று வைத்திருந்தேன். பேசாதே என்றுதான் அழுத்தினீர்கள்.

இருந்தாலும் அந்தக் கையை என்னால் கழுவ முடியவில்லை, அப்பா. நீங்கள் என்னைத் தொட்டதில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.