தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்

லோஜினி,

ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு ஜீவராஜ் அண்ணனிடம் கொடு.

நேற்று நான் நம் அறைக் கதவைத் தாழிட்டதும், "மண்சரிவுல அம்மாவே போயிட்டாங்க, ஒனக்குப் பயமே இல்லையா அக்கா?" என்று கேட்டாய். பதிலை எழுதித்தான் என்னால் சொல்ல முடிகிறது.

மண்சரிவு அன்றைக்குத் தோட்டத்து லயத்தில் நம் வீட்டுக் கதவு திறக்காமல் உள்ளே மாட்டிக்கொண்டவள் நீ. அதனால் உனக்குக் கதவு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். எனக்குப் பயம் வந்தது பிறகு, பள்ளிக்கூடத்து நிவாரண முகாமில். யார் யாரோ கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தச் சத்தத்தையும் தொடுகையையும் என்னால் தாங்க முடியவில்லை. கதவை மூடினால்தான் எனக்கு மூச்சு வருகிறது. எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது நீயும் கூட இருந்தாய்.

தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். இந்த வாரம் நீ பயமில்லாமல் தூங்கு. நான் பொகவந்தலாவைச் சித்தி வீட்டுக்குப் போகிறேன். அங்கே தனி அறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருவேன்.

அக்கா

நேற்று நீ என்னைக் கட்டிப்பிடித்தபோது தள்ளிவிட்டேன். தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை வருவதற்குள் நீ அடுப்படிக்குப் போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் அப்படி உட்காருவாயா?