நான்கு துளைகள்

அறந்தாங்கி
29 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள சுடர்விழி டீச்சருக்கு,

வணக்கம். நான் எட்டாம் வகுப்பு ஹவ்வாவின் அம்மா இர்ஃபானா. நேற்று பெற்றோர் கூட்டத்தில் நான் சொல்லாமல் வந்ததை எழுதுகிறேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் மார்க் ஷீட்டைக் காட்டி, கணக்கில் பத்தொன்பது, சயின்ஸில் இருபத்திரண்டு, இனி இவளுக்கு ஸ்கூல் பேண்டில் டிரம் கிடையாது என்றார்கள். பேண்ட் பயிற்சி இருக்கிற செவ்வாயும் வியாழனும்தான் அவள் வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று நான் சொல்லவில்லை. மேடம் அங்கேயே ஷார்ஜாவில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, அவள் அத்தாவுக்கு, போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். "டிரம் அடிச்சு என்ன ஆவப் போவுது மேடம், எடுத்துருங்க" என்றாங்க அவங்க. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் "சரிங்க மேடம்" என்றேன். பக்கத்தில் நின்ற ஹவ்வாவின் விரல்கள் அதுவரை சுடிதார் ஓரத்தில் தட்டிக்கொண்டே இருந்தன. நின்றுவிட்டன. அந்தக் கை அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அதுதான் கண்ணில் நிற்கிறது.

சொல்லாததில் பெரியது இது. போன நவம்பரில் அவளைத் திருச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். ஏ.டி.எச்.டி. என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பு சும்மா இருக்காது, திமிரும் இல்லை சோம்பலும் இல்லை என்றார். கண் டெஸ்ட் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கூட்டிப் போனேன். அவள் அத்தாவுக்கும் தெரியாது. தெரிந்தால் அவள் கல்யாணப் பேச்சு வரைக்கும் இது கூடவே வரும். டாக்டர் சீட்டை அலமாரியில் ஒரு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை.

போனில் சொல்ல முடியாது, என் போன் எல்லோர் கையிலும் இருக்கும். அதனால் இதை மடித்து, ஸ்டேப்ளரில் ஒரு பின் அடித்து, அவள் டைரி உறையில் வைக்கிறேன். அவள் பிரிக்க மாட்டாள். மூன்று வரிக்கு மேல் அவளால் எதையும் படிக்க முடியாது.

ஏதாவது செய்ய முடியுமா டீச்சர்?

இப்படிக்கு,
இர்ஃபானா


1 ஜூலை 2025

அன்புள்ள இர்ஃபானா அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம் இல்லையா? நமக்குள் நாலைந்து வயதுதான் வித்தியாசம் இருக்கும்.

உங்கள் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்தேன். போன வாரம் பெஞ்சில் தாளம் போட்டதற்காக அவளை ஒரு பீரியட் முழுக்க வெளியே நிற்க வைத்தவள் நான்தான். பி.எட். படிக்கும்போது இதைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டோம்.

இன்னொன்றும் நேற்றுதான் உறைத்தது. பேண்ட் பயிற்சி நடக்கும் கடைசிப் பீரியட் என்னுடைய கணக்குப் பீரியட். வாரத்துக்கு இரண்டு கணக்கு வகுப்பு அவளுக்கு இல்லாமலே போகிறது. அப்புறம் பத்தொன்பதுதான் வரும்.

பேண்டைப் பார்த்துக்கொள்ளும் பி.டி. ரெங்கராஜ் சாரிடம் பேசினேன். "அந்தப் புள்ளகிட்ட இருந்து பெரிய டிரம்ம வாங்கிட்டா எனக்கு மார்ச் பாஸ்ட்டே இல்ல டீச்சர். மத்ததெல்லாம் எங் கையப் பாத்துத்தான் அடிக்கும். அது ஒன்னுதான் எங்கிட்டோ பாத்துக்கிட்டு கரெக்டா அடிக்கும்" என்றார். இருவரும் மேடத்திடம் போனோம். டாக்டர் விஷயத்தைச் சொல்லவில்லை. கடைசியில் மேடம் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்து மிட்-டேர்ம் பரீட்சை வரை பயிற்சிக்குப் போகலாம். அந்தப் பரீட்சையில் ஐந்து பாடத்திலும் முப்பத்தைந்து எடுத்தால் ஆகஸ்ட் பதினைந்து அன்று அவளே டிரம் அடிக்கலாம். இல்லாவிட்டால் பேண்டில் இருக்கும் இன்னொரு பெண் ரம்யாவுக்கு அந்த டிரம்.

இந்த நிபந்தனையை ஹவ்வாவிடம் சொல்ல வேண்டாம். பயந்துவிடுவாள். விட்டுப்போகிற கணக்கில் ஐந்தே ஐந்தை மதிய இடைவேளையில் பத்து நிமிடம் நான் சொல்லித் தருகிறேன். வீட்டில் நீங்கள் பாடத்தைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுங்கள்.

நானும் ஒரு பின் அடித்தே அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுடர்விழி


10 ஜூலை 2025

அன்புள்ள சுடர்விழிக்கு,

நலம். உங்கள் பெயரை நான் இப்படி உரிமையோடு எழுதுவது தப்பில்லையே.

உட்கார வைத்தால்தானே பிரச்சினை என்று நிற்க வைத்துவிட்டேன். சமையல் மேடையில் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறாள். பக்கத்தில் நான் வெங்காயம் உரிக்கிறேன். நேற்று எட்டாம் வாய்ப்பாட்டைக் கரண்டியால் குக்கர் மூடியில் தட்டியே பதினாறு வரைக்கும் சொல்லி முடித்தாள். என் நாத்தனார் எட்டிப் பார்த்து, "இந்த வீட்டுல தெனமும் குடியரசு தினமா?" என்று கேட்டாள். ஹவ்வா உடனே கரண்டியை நெற்றியில் வைத்து அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தாள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நான் கூப்பிடாமலே வந்து நிற்கிறாள். "அம்மா, இன்னைக்கி சயின்ஸ் குடு" என்கிறாள். சயின்ஸ் என்றால் ஓடி ஒளிகிற பிள்ளை. எங்கிருந்து வந்தது இந்த அக்கறை என்று நினைத்தால் சந்தோஷத்துக்குப் பதிலாக எனக்குத் திகைப்பாகத்தான் இருக்கிறது.

அவள் அத்தாவிடம் பேண்டை நிறுத்தியாச்சு என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
இர்ஃபானா


22 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஹவ்வாவுக்குக் காய்ச்சல் தேவலையா? இரண்டு நாள் விடுப்பு முடிந்து இன்று வந்ததும் வராததுமாக, விட்டுப்போன பத்துக் கணக்கையும் கேட்டு மதியம் என் மேசைக்கு முன்னால் நின்றாள். சாப்பாட்டு டப்பாவை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை, ஆனால் நோட்டு கையில் இருக்கிறது. டப்பா கடைசியில் பேண்ட் ரூமில் டிரம்முக்குள் இருந்து கிடைத்தது. ரெங்கராஜ் சார் "அதான் சத்தம் ஒரு மாதிரி வருதேன்னு பாத்தேன்" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

நீங்கள் நினைப்பதைவிட அவள் கெட்டிக்காரி அக்கா.

சுடர்விழி


7 ஆகஸ்ட் 2025

சுடர்விழி,

பரீட்சை நேற்றோடு முடிந்தது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

இன்று சாயங்காலம் ஹவ்வா கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள். நாத்தனாரின் இரண்டு வயதுப் பிள்ளை வெளியே போய்விட்டது. பட்டுக்கோட்டை பஸ் ரோட்டு நடுவில் பிரேக் போட்டு நிற்கிறது. அதற்கு முன்னால் அந்தப் பிள்ளை நின்று பஸ்ஸுக்கு டாட்டா காட்டுகிறது. டிரைவர் இறங்கி வந்து என் கையில்தான் கொடுத்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஹவ்வாவை அடித்தேன். டாக்டர் சொன்னது எதுவும் அப்போது ஞாபகம் வரவில்லை. அவள் அழாமல், "கேட்ட சாத்துனேன்னு நெனச்சேம்மா" என்றாள்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். சில நாள் அவள் இல்லாத ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். அந்த வீட்டில் எதுவும் கொட்டாது, எதுவும் திறந்து கிடக்காது. நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன். அது எனக்குப் பிடித்திருக்கிறது. பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? இந்த வரிகளை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

இர்ஃபானா


11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. தமிழ் 58, ஆங்கிலம் 44, கணக்கு 41, அறிவியல் 37, சமூக அறிவியல் 49. மேடம் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, "சரி, அடிக்கட்டும்" என்றார்கள். மார்க் ஷீட்டை இதோடு வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு நீங்கள் மைதானத்தில் இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதற்காக வெட்கப்படாதீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன். ஜூலையில் காய்ச்சலால் அவள் வராத அந்த இரண்டு நாளும் வகுப்பில் சத்தமே இல்லை. ஒரு பாடத்தை நிறுத்தாமல் நடத்தி முடித்தேன். தினமும் இப்படியே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவளை எனக்குப் பிடிக்கும், இருந்தும் நினைத்தேன். நம் இரண்டு பேருக்கும் களைப்பு அக்கா, வேறொன்றும் இல்லை.

அன்புடன்,
சுடர்விழி


13 ஆகஸ்ட் 2025

அக்கா,

இதை அவளிடம் கொடுக்கவில்லை. எங்கள் ஆபீஸ் ஐயனார் அண்ணன் உங்கள் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார், அவரிடம் தருகிறேன்.

இன்று நடந்த கூடுதல் பயிற்சியில் ஹவ்வா டிரம்மைத் தோளிலிருந்து கழற்றி, குச்சியையும் சேர்த்து ரெங்கராஜ் சாரிடம் கொடுத்துவிட்டாள். "ரம்யாவுக்குக் குடுத்துருங்க சார்" என்றாளாம். அவள் அத்தா ஏதோ சொல்லிவிட்டார் என்று நினைத்து அவர் என்னிடம் வந்தார். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மார்க்குக்காகத்தான டீச்சர் டிரம்மு? அஞ்சுலயும் முப்பத்தஞ்சுக்கு மேல எடுத்துட்டேன்ல. இனிமே சத்தம் போட மாட்டேன்" என்றாள்.

முப்பத்தைந்து எடுத்தால்தான் டிரம் என்ற நிபந்தனையை நாம் யாரும் அவளிடம் சொல்லவில்லை. ரெங்கராஜ் சாரும் சொல்லவில்லையாம்.

அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, டிராயரில் இருந்த உங்கள் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று கடிதம். ஒவ்வொன்றிலும் நீங்கள் அடித்திருந்தது ஒரே ஒரு பின். ஒரு பின்னுக்குத் தாளின் ஒரு மடிப்பில் இரண்டு துளைதான் விழும். ஆனால் இருப்பது நான்கு துளைகள்.

நீங்கள் ஒரு தடவை அடித்ததை எடுத்துவிட்டு மறுபடி அடிப்பீர்களா? அப்படியென்றால் உடனே எழுதுங்கள். இல்லையென்றால் என் கடிதங்களைப் பாருங்கள். நான் ஒரு தடவைதான் அடித்தேன்.

சுடர்விழி


16 ஆகஸ்ட் 2025

சுடர்விழிக்கு,

உங்கள் மூன்று கடிதத்திலும் நான்கு துளைகள்தான் இருக்கின்றன. நானும் ஒரு தடவைதான் அடித்தேன்.

பதிமூன்றாம் தேதி சாயங்காலம் அவளிடம் கேட்டேன். வெள்ளை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் படித்தாயா என்றேன்.

"எல்லாத்தையும். ரெண்டு ரெண்டு தடவ" என்றாள்.

மூன்று வரிக்கு மேல் படிக்க மாட்டாள் என்று எழுதிக் கொடுத்தேனே, அந்த வரியையும் இரண்டு தடவை படித்திருக்கிறாள். ஆபீஸ் ரூம் ஸ்டேப்ளரை ஐயனார் அண்ணனிடம் கேட்டு வாங்கி அடித்திருக்கிறாள். நிபந்தனை ஜூலை முதல் தேதியே தெரியும். அதனால்தான் சமையல் மேடைக்குத் தானாக வந்து நின்றாள். புத்தகத்துக்குள் இருக்கிற டாக்டர் சீட்டு அதற்கும் முன்னாலேயே தெரியும்.

அவளுக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஷூவைக் கீழே வைத்துவிட்டு, கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அம்மா, நான் இல்லாத அந்த வீட்டுல வேற யாரு யாரு இருப்பா? அத்தா இருப்பாங்களா?"

அப்படி ஒரு வீடு கிடையாதுடி என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. அவள் மறுபடி ஷூவை எடுத்துக்கொண்டாள். அடுத்த நாள் காலையில் சொன்னேன். "சரிம்மா" என்றாள்.

நேற்று மைதானத்துக்கு வந்திருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ரம்யாவின் அடி ஒரு இடத்தில் பிந்திவிட, பின்னால் வந்த வரிசை முழுக்கக் கால் மாறிப்போனது. எல்லோரும் சிரித்தார்கள். ஹவ்வா எட்டாம் வகுப்பு வரிசையில் நின்றாள். கையைப் பின்னால் கட்டியிருந்தாள்.

மாலையில் அவள் அத்தாவிடம் எல்லாவற்றையும் போனில் சொல்லிவிட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டாங்க.

இனி நாம் எழுத வேண்டாம் சுடர்விழி. உங்கள் மேல் வருத்தம் இல்லை. அவள் இல்லாத வீடு என்று முதலில் எழுதியவள் நான்தான். அவளைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு பேசுவோம்.

இர்ஃபானா


8 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். வகுப்பாசிரியை என்ற முறையில் இந்த ஒரு கடிதம், தபாலில். இதில் இருப்பதை முதலில் ஹவ்வாவிடம் படித்துக் காட்டிவிட்டேன்.

காலாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் 52.

ரெங்கராஜ் சார் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு தடவை டிரம்மையே வகுப்பு வாசலுக்குக் கொண்டு வந்தார். "வேணாம் சார்" என்றாள். நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றாள்.

செவ்வாயும் வியாழனும் கடைசிப் பீரியடில் வகுப்பிலேயே இருக்கிறாள். முன் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். சத்தமே இல்லை.

சுடர்விழி