கசங்காத படுக்கை

பாப்பா அம்மாவுக்கு,

பள்ளி விடுமுறை என்று சொல்லி, பாப்பாவோடு உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். விடுமுறைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

ராணுவத்திலிருந்து திரும்பிய இந்த மூன்று வாரமும் தினம் காலையில் அவள் படுக்கையைச் சோதித்தேன். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் உருவிப் போட்டு, மறுபடி விரிக்கச் சொன்னேன். அங்கே எங்களுக்கு அப்படித்தான். நான்கே நாளில் கற்றுக்கொண்டாள் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேன்.

இன்று வீட்டைப் பெருக்கும்போது கட்டிலுக்கடியில் அவள் தலையணை கிடந்தது. போனில் கேட்டேன்.

"கீழ படுத்துக்கிட்டா மேல கசங்காதுல்லப்பா."

உனக்குத் தெரிந்துதான் இருக்கும்.

அசதியாக இருந்தது. அவள் கட்டிலிலேயே காலை மடக்கிப் படுத்துவிட்டேன். விரிப்பு கசங்கிப் போயிருக்கிறது. அப்படியே விட்டிருக்கிறேன். பாப்பாவை வந்து சோதிக்கச் சொல்.

பாப்பா அப்பா